உச்சவரம்புக்குள் ஒரு பேரம்

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)



2024 நவம்பர் 24-ஆம் தேதி சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்த்தை லக்னோ அணி 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அன்றைக்கு ஹாஸ்டல் டி.வி. முன்னால் இருந்த அத்தனை பேரும் வாயில் கை வைத்தோம். "ஒத்த ஆளுக்கு இருபத்தேழு கோடியாடா?" என்பதுதான் அன்றைய பேச்சு. எனக்கு மட்டும் வேறு ஒரு சந்தேகம். ஏன் 27-இல் நின்றது? ஏன் 40 ஆகவில்லை, ஏன் 15-லேயே முடியவில்லை? கோவிலூர் மாட்டுத் தரகர் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்துப் பேசுகிற விலைக்குக்கூட ஒரு கணக்கு இருக்கும்போது இதற்கு இல்லாமலா போகும் என்று தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். கிரிக்கெட் பிடிக்காதவர்களும் படிக்கலாம். வரும் மாதங்களில் கேம்பஸ் இண்டர்வியூவில் உட்காரப் போகிறவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது.

முதலில் உச்சவரம்பு என்றால் என்ன? நிலத்துக்கு உச்சவரம்பு கேள்விப்பட்டிருக்கிறோம். விளையாட்டிலும் அதே மாதிரி, ஓர் அணி தன் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று ஒரு கோடு. 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியபோது ஓர் அணிக்கு 50 லட்சம் டாலர். 2025 சீசனுக்கு 120 கோடி ரூபாய். அதற்குள் குறைந்தது 18 பேர், அதிகபட்சம் 25 பேர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. ஆகவே ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது முதலாளியின் சட்டைப் பையிலிருந்து வருவதில்லை, அதே அணியில் இன்னொருவருக்குப் போக வேண்டியதிலிருந்து வருகிறது. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஓர் உதாரணம். அதே 2024-இல் ஐதராபாத் அணி ஏலத்துக்கு முன்பே ஐந்து பேரைத் தக்க வைத்துக்கொண்டது. கிளாசென் 23 கோடி, கம்மின்ஸ் 18, அபிஷேக் சர்மா 14, ஹெட் 14, நிதிஷ் குமார் ரெட்டி 6. கூட்டிப் பாருங்கள், 75 வரும். வாரியம் ஐந்து பேருக்கு வைத்த படிநிலை 18, 14, 11, 18, 14. அதுவும் 75-தான். மொத்தம் மாறவில்லை, உள்ளே பங்கு மட்டும் மாறியிருக்கிறது. கிளாசென் படிநிலையில் உள்ள 18-ஐத் தாண்டி 5 கோடி வாங்கினார். அப்போதுதான் இந்திய அணிக்குள் வந்திருந்த நிதிஷ் ரெட்டி 6-க்குச் சம்மதித்தார். சாம்பார் வாளி ஒன்றுதான். முன் வரிசைக்காரர் காயை அள்ளினால் கடைசிப் பந்திக்குத் தண்ணிதான்.

இனி பந்த் கதைக்கு வருவோம். அவருக்கு லக்னோ கேட்ட கடைசி விலை 20.75 கோடி. அப்போது அவருடைய பழைய அணியான டில்லி 'அதே விலைக்கு எங்களுக்கே வேண்டும்' என்று தன் உரிமையைப் பயன்படுத்தியது. முன்பு 2018 ஏலத்தில் இந்த விதி இருந்தபோது கதை அங்கேயே முடிந்திருக்கும், அவர் 20.75-க்கு டில்லிக்குப் போயிருப்பார். 2024-இல் விதியை மாற்றி, கேட்ட அணி கடைசியாக ஒருமுறை விலையை ஏற்றலாம் என்று வைத்திருந்தார்கள். லக்னோ ஒரே தாவலில் 27 என்றது. டில்லி பின்வாங்கியது. அந்த 6.25 கோடியை பந்த் கூடுதலாக ஒரு சிக்ஸர்கூட அடித்துச் சம்பாதிக்கவில்லை. விதிப் புத்தகத்தில் ஒரு வரி மாறியதால் வந்தது. பழைய விதி ஆட்டக்காரருக்கு அநியாயம் என்று நம்ம அஸ்வின் ஏலத்துக்கு முன்பே வெளிப்படையாகப் பேசியிருந்தார். அவரும் இன்ஜினீயரிங் படித்தவர்தானே, கணக்கு பார்க்கத் தெரியும்.

அதே நாளில் ஷ்ரேயாஸ் ஐயர் 26.75 கோடிக்கு பஞ்சாப் போனார். அதற்கு முந்தைய ஏலத்தில், 2022-இல், கொல்கத்தா அவரை எடுத்த விலை 12.25 கோடி. 2024-இல் கொல்கத்தாவுக்குக் கோப்பையே வாங்கிக் கொடுத்த கேப்டன். ஆனாலும் தக்கவைப்புப் பட்டியலில் பெயர் இல்லை. பஞ்சாப் இரண்டே பேரை 9.5 கோடிக்கு வைத்துக்கொண்டு மீதி 110.5 கோடியோடு ஏலத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது. ஆக, திறமை ஒரு பக்கம் இருக்கட்டும், எதிரே பை கனமாக ஒருத்தர் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி ஒருத்தர் இல்லாத நாளில் எவ்வளவு பெரிய நட்சத்திரமும் அடிப்படை விலைக்குத்தான் போவார்.

பேரத்துக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் ஏலத்தில் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்திருக்கிறேன். அப்பா கொத்தனார். சிமெண்ட் பூச ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இருக்கிற, தொட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கும் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பழைய வீடுகளைப் பழுது பார்த்து ஓட்டலாக்கும் காலம் வந்ததும் அந்தக் கைக்குத் தேவை வந்துவிட்டது. ஒருமுறை ஒரு வீட்டுக்காரர், "இந்த வேலைக்கு மொத்தமே இம்புட்டுத்தான் ஒதுக்கியிருக்கேன், இதுக்கு மேல ஒரு பைசா கிடையாது" என்றார். அப்பா கோபப்படவில்லை. "அப்ப வளவுல இருக்குற நாலு தூணும் முகப்பும் மட்டும் நான் பூசுறேங்கய்யா. பின்கட்டுக்கு வேற ஆளை வச்சுக்குங்க, சிமெண்டே போதும்" என்றார். தொகை மாறவில்லை. அப்பாவுக்கு நாள் கூலி கூடியது, வேலை நாள் குறைந்தது. அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். உச்சவரம்பு என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இதற்கு நேர் எதிரான ஒன்று கபடியில் நடந்தது. புரோ கபடியில் 2022 ஆகஸ்ட் ஏலத்தில் நம் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத் என்ற ரைடரை 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. அந்த ஏலத்தில் ஓர் அணியின் மொத்தப் பை 4.4 கோடி. அதாவது பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. எங்கள் பக்கம் திருவிழாக் கபடி ஆடுகிறவர்கள் எல்லாம் இனி கோப்பை நமக்குத்தான் என்று துள்ளினார்கள். அக்டோபரில் முதல் ஆட்டம், குஜராத்தோடு. தொடங்கிச் சில நிமிடத்தில் பவனுக்கு முழங்காலில் அடி. சீசன் முழுக்க அவர் திரும்பவே இல்லை. பாதிப் பணம் பெஞ்சில்!

ஆனால் அந்த வருஷம்தான் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதி வரை போனது. எப்படி? நரேந்தர் என்று ஒரு பையன், ஏலத்தில் பேர்கூட வராத புதுமுக ஒதுக்கீட்டில் சொற்பத் தொகைக்கு வந்தவர், அந்த ஒரே சீசனில் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். அடுத்த ஏலத்தில், 2023-இல், பவனை தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. பை 5 கோடி, மறுபடியும் பாதிக்கு மேல். அந்த அணி 22 ஆட்டத்தில் இரண்டில் மட்டும் ஜெயித்துக் கடைசி இடம் பிடித்தது. பவனும் அந்த சீசனில் ஒன்றும் மோசமாக ஆடவில்லை. மீதிப் பாதிப் பணத்தில் நல்ல டிஃபெண்டர்களை வாங்க முடியாமல் போனதுதான் விஷயம் என்பது என் கருத்து. 2025 ஏலத்தில் அதே பவனை அதே தலைவாஸ் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்கியது. ஆள் ஒருவர்தான். விலை மட்டும் நாலில் ஒரு பங்குக்கும் கீழே.

தோனியின் கணக்கும் வேடிக்கையானது. 2008-இல் சென்னை அவரை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது, மொத்தப் பையில் 30 சதவீதம். அந்த விலை சென்னைக்கு எப்படிக் கட்டுப்படியானது? மும்பை, டில்லி, கொல்கத்தா, பெங்களூர், மொகாலி அணிகளுக்கு ஆளுக்கு ஒரு 'ஐகான்' இருந்தார். அவருக்கு அந்த அணியில் அதிகம் வாங்குகிறவரைவிட 15 சதவீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தோனியை 15 லட்சத்துக்கு மும்பை எடுத்திருந்தால் சச்சினுக்கு 17.25 லட்சம், இரண்டு பேருக்கே 32.25 லட்சம், மீதி அத்தனை பேருக்கும் 17.75 லட்சம்தான். சென்னைக்கு ஐகான் இல்லை, ஆகவே தைரியமாகக் கையைத் தூக்கியது. பிறகு 2022-இல் ஜடேஜாவுக்கு 16 கோடி, தனக்கு 12 கோடி. 2025-க்கு, ஐந்து வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாதவரைப் புதுமுகக் கணக்கில் வைக்கலாம் என்ற விதியில் 4 கோடி, 120-இல் மூன்று சதவீதம் சொச்சம். இதைத் தியாகம் என்று எழுதுகிறார்கள். விளம்பரத்தில் வருமானம் உள்ளவர் சம்பளத்தில் விட்டுக்கொடுப்பது எளிது என்றும் சொல்லலாம். எப்படிப் பார்த்தாலும் மிச்சமான தொகை இன்னொரு ஆட்டக்காரருக்குத்தான் போயிருக்கும்.

எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். 2017-இல் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். அடுத்த வருஷமே 40 லட்சத்துக்கு ஐதராபாத். 2020-இல் 16 விக்கெட் எடுத்து, யார்க்கருக்குப் பேர் வாங்கி, ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பந்துவீச்சாளராகப் போய் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார். ஆனாலும் மறுபடி ஏலத்துக்கு வந்து தன் விலை என்ன என்று சந்தையில் கேட்டுப் பார்க்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது 4 கோடி. பிறகு 2024 நவம்பரில் 10.75 கோடி. ஒரு ஆட்டக்காரரின் கை உச்சத்தில் இருக்கும் வருஷமும் ஒப்பந்தம் முடியும் வருஷமும் ஒன்றாக வருவது அதிர்ஷ்டம்தான்.

அந்த நேரத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ளப் பார்த்தார்கள் வெளிநாட்டு வீரர்கள். பெரிய ஏலத்தில் நட்சத்திரங்கள் நிறைய, விலை பிரியும். இடையில் வரும் சின்ன ஏலத்தில் சரக்கு குறைவு, அணிகளுக்குத் தேவை அவசரம். 2023 டிசம்பரில் அப்படி ஒரு சின்ன ஏலத்தில்தான் ஸ்டார்க் 24.75 கோடிக்குப் போனார். வாரியம் உடனே அணை கட்டியது: சின்ன ஏலத்தில் வெளிநாட்டவர் கையில் கிடைப்பது 18 கோடிக்கு மேல் போகாது. 2025 டிசம்பரில் அபுதாபியில் கேமரூன் கிரீனுக்குக் கொல்கத்தா 25.20 கோடி கேட்டது. அணியின் பையிலிருந்து முழுத் தொகையும் கழிந்தது. கிரீனுக்கு 18. மீதி 7.20 கோடி வாரியத்தின் ஆட்டக்காரர் நல நிதிக்கு.

இந்த விதியையெல்லாம் யார் எழுதுகிறார்கள்? இங்கேதான் அமெரிக்காவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவது. அந்த லீக்கில் 1994-இல் வந்த உச்சவரம்பு ஓர் அணிக்கு 3 கோடியே 46 லட்சம் டாலர். 2025-இல் 27 கோடியே 92 லட்சம் டாலர். ஏன் இப்படி ஏறியது? லீக் வருமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு ஆட்டக்காரர்களுக்கு என்று அவர்கள் சங்கம் முதலாளிகளோடு உட்கார்ந்து எழுதி வாங்கியிருக்கிறது. டி.வி. பணம் ஏறினால் கோடும் தானாக ஏறும். நம் நாட்டில் 2019-இல் அமைந்த இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இப்போது ஆடுகிறவர்களுக்குச் சங்கம் கிடையாது. கோட்டை வாரியமே போடும், வாரியமே அழிக்கும். 27 கோடி வாங்குகிறவருக்கும் அந்தக் கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதில் வாய் இல்லை.

சங்கம் இருந்தும் அங்கே எல்லாம் பாலும் தேனும் இல்லை. ஒப்பந்தம் முடிந்த நட்சத்திரத்தை வெளியே விடாமல், அந்த இடத்தில் ஆடும் முதல் ஐந்து பேரின் சராசரியை ஒட்டிய சம்பளம் கொடுத்து இன்னும் ஒரு வருஷம் பிடித்து வைக்க அணிக்கு உரிமை உண்டு. இதை கர்க் கசின்ஸ் என்பவர் பொறுமையாகச் சமாளித்தார். 2016-இலும் 2017-இலும் அப்படியே ஒரு வருஷம் ஒரு வருஷமாக ஆடினார். இரண்டாம் முறை பிடித்தால் 20 சதவீதம் கூட்டித் தர வேண்டும், அதையும் வாங்கிக்கொண்டார். 2018-இல் விடுதலையாகி மூன்று வருஷத்துக்கு 8 கோடியே 40 லட்சம் டாலர், அடிபட்டாலும் நீக்கினாலும் முழுத் தொகையும் உறுதி என்று எழுதி வாங்கினார். லெவியான் பெல் என்பவர் அதே 2018-இல் கையெழுத்துப் போடாமல் வருஷம் முழுக்க வீட்டில் உட்கார்ந்தார். சுமார் 1 கோடியே 45 லட்சம் டாலர் போச்சு. அடுத்த வருஷம் புது ஒப்பந்தம் கிடைத்தது, ஆனால் பழைய ஆட்டம் திரும்பவில்லை.

'உறுதி' என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கே பத்திரிகையில் வருகிற தொகை ஒன்று, எது நடந்தாலும் கைக்கு வரும் தொகை வேறு. நம் வட்டாரத்து நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஏஜெண்டுகளை அனுப்பிய காலத்தில் மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளத்தைப் புறப்படும் முன்பே பேசி எழுதி, ஒரு பகுதியை முன்பணமாகக் கையில் கொடுத்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். வட்டி தெரிந்தவர்களுக்கு உறுதித் தொகையின் அருமையும் தெரிந்திருந்தது.

நம் கால்பந்துக்காரர்கள் நிலைமை அதற்கும் மோசம். ஐ.எஸ்.எல்.-இலும் அணிக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியும் தறுவாயில் புதுப்பிக்கப்படாமல் இழுபட, லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணிக்குச் சம்பளத்தை நிறுத்தியது. நம் சென்னையின் எஃப்.சி.-யும் கையை விரித்தது. ஆட்டமே நடக்காதபோது நட்சத்திரம் என்ன, உபரி ஆள் என்ன!

நமக்கு வருவோம். நமக்கு ஏலம் கிடையாது, ஆனால் உச்சவரம்பு உண்டு. இண்டர்வியூவுக்கு வருகிற அதிகாரியின் கையில் "டிப்ளமோ டிரெய்னி இத்தனை பேர், ஆளுக்கு இவ்வளவு" என்று மேலிடத்தில் போட்டுக் கொடுத்த கோடு இருக்கும். அதில் அவரிடம் மல்லுக்கட்டி லாபமில்லை. தொகைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சி.டி.சி. வருஷத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் என்று போர்டில் எழுதுவார்கள். மாதம் 20,000 என்று வீட்டில் சொல்லிவிடுவோம். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது: கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம் 1,440, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 577, இ.எஸ்.ஐ.-க்குக் கம்பெனி பங்கு 3.25 சதவீதம் சுமார் 566. இவை போக மொத்தச் சம்பளம் 17,417. அதில் நம் பங்கு பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 131. கைக்கு வருவது 15,846. கேண்டீன், பஸ், ஹாஸ்டல் பிடித்தம் இருந்தால் இன்னும் இறங்கும். வீட்டுக்கு மாதம் பத்து அனுப்புகிறேன் என்று தங்கச்சி படிப்புக்கு வாக்குக் கொடுக்கும் முன் இந்தக் கடைசி எண்ணைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் காகிதத்தை முதலில் படிக்கப் போகிறவன் நான்தான், எனக்கு முன்னால் படித்துச் சொல்ல ஆள் இல்லை.

பிறகு பாண்டு. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியில் இரண்டு வருஷ பாண்டில் சேர்ந்தார். அசல் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏழு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது, ஆறாயிரம் கூடுதல். காகிதம் அங்கே, ஆள் இங்கே. அந்த வேலை போயே போய்விட்டது. நடராஜன் 2022 வரை காத்திருந்தாரே, அதே கதைதான், புகழ் மட்டும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதை நம்பி பாண்டு எல்லாமே வெற்றுக் காகிதம் என்று சீனியர்கள் சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் நிபந்தனை வேறு, விலகிய பிறகும் வேறெங்கும் போகக்கூடாது என்பது வேறு. அந்த வழக்கில் விலகியவர் ஓர் அதிகாரி, பொதுத்துறை வங்கிக்கு ஆளெடுக்கும் செலவு அதிகம் என்பதையும் நீதிமன்றம் பார்த்தது. மாதம் 15,846 வாங்குகிற டிரெய்னிக்கு அதே 2 லட்சம் போட்டால் அது ஒரு வருஷச் சம்பளத்தையே தாண்டிவிடும். ஆகவே பாண்டு தொகை எவ்வளவு, மாதத்துக்கு மாதம் அது குறையுமா, அசல் சான்றிதழ் கேட்பார்களா என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கட்டாயம், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கப்படுகிறவருக்கும் ஒரு வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி உண்டு.

தனியாகக் கேட்கக் கூச்சமாக இருப்பவர்களுக்காக மாணவர் சங்க அறையில் ஒரு ஃபைல் போட்டிருக்கிறோம். வேலையில் சேர்ந்த சீனியர்கள் கொடுத்த கடித நகல்கள், பேரும் கம்பெனியும் மறைத்து. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் மூன்று எண்: போர்டில் எழுதியது, கைக்கு வந்தது, பாண்டு தொகை. மாலை வகுப்பு முடிந்து பஸ் வரும் வரை அறை திறந்திருக்கும். எடுத்துப் போக முடியாது, உட்கார்ந்து குறித்துக்கொள்ளலாம்.